ரவுட்டர் அப்டேட் பாதியில் நின்றுவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் யார் வீட்டு ரவுட்டர் மக்கர் செய்தாலும் கடைசியில் அது என் மேசைக்கு வந்துவிடும். நான் கடை வைத்திருக்கவில்லை, ஆர்வத்தில் செய்வதுதான். "அப்டேட் போட்டேன், செத்துப்போச்சு" என்று சொல்லிக் கொண்டுவந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் சாகவே இல்லை. திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருவதால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது பவர் லைட் மட்டும் எரிகிறது. ரவுட்டர் போய்விட்டதா?

அநேகமாக இல்லை. உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்த டிபி-லிங்க் டபிள்யுஆர்841என் ஒன்பதாம் வெர்ஷனை எடுத்துக்கொள்வோம். அதன் ஃப்ளாஷ் சிப் நகத்தளவுதான், கொள்ளளவு மொத்தமே 4 எம்பி. அதில் முதல் 128 கேபி பூட்லோடர். கரண்ட் கொடுத்தவுடன் முதலில் கண் விழிக்கும் சின்ன புரோகிராம் இது. அடுத்த 3840 கேபி ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரை ஓட்டும் முக்கிய மென்பொருள். அதற்குப் பிறகு 64 கேபியில் உங்கள் பாஸ்வேர்டு முதலான செட்டிங்குகள். கடைசி 64 கேபியில் வைஃபை ரேடியோவுக்குத் தொழிற்சாலையில் எழுதிய அளவீடுகள்.

அப்டேட் பொதுவாக நடுவில் இருக்கும் அந்த 3840 கேபியை மட்டும்தான் அழித்து எழுதுகிறது. வீட்டில் கூடத்தை இடித்துக் கட்டும்போது வேலை பாதியில் நின்றது போலத்தான். திண்ணையும் வாசல் கதவும் அப்படியே இருக்கின்றன. பூட்லோடர்தான் அந்தத் திண்ணை. அதில் போய் உட்கார்ந்து கூப்பிடத் தெரிந்தால் போதும்.

விதிவிலக்கு உண்டு. சில அப்டேட்டுகள் பூட்லோடரையும் சேர்த்து மாற்றும். அந்த நேரத்தில் கரண்ட் போயிருந்தால் கதை வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, உடனே என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாதீர்கள். கரண்ட் போகாமல், திரை மட்டும் உறைந்து நிற்கிறது என்றால் குறைந்தது 15 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல்முறை என் சொந்த ரவுட்டருக்கு அப்டேட் போட்டபோது பிரவுசரில் கோடு முக்கால்வாசி வந்து நின்றது. நாலு நிமிடம் பார்த்தேன். பொறுமை போய் பிளக்கைப் பிடுங்கினேன். கோடு நின்றதற்குக் காரணம், ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும் முன்பே லேப்டாப்புக்கும் அதற்கும் இருந்த தொடர்பு அறுந்ததுதான். உள்ளே எழுதும் வேலை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதைக் கொன்றது நான்.

ஃப்ளாஷ் சிப்பில் பழையதன் மேல் நேராகப் புதியதை எழுத முடியாது. முதலில் ஒரு கட்டத்தை முழுக்க அழிக்க வேண்டும், அப்போது அதில் இருக்கும் பிட் எல்லாம் 1 ஆகிவிடும். பிறகு தேவையான இடங்களை 0 ஆக்குவார்கள். இப்படி 64 கேபி, 64 கேபியாக நகரும். அழித்தாகிவிட்டது, இன்னும் எழுதவில்லை என்ற அந்த இடைவெளியில் பிளக்கைப் பிடுங்கினால் அங்கே பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.

லைட்டைப் பார்த்து நிலைமையைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். எந்த லைட்டும் எரியவில்லை என்றால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள், ஃபர்ம்வேரை அல்ல. எல்லா லைட்டும் ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்து, சில வினாடிக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்தால் அது நல்ல அறிகுறி. பூட்லோடர் உயிரோடு இருக்கிறது, ஃபர்ம்வேரைத் தூக்கப் பார்க்கிறது, முடியாமல் மறுபடி ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். பவர் லைட் மெதுவாகக் கண் சிமிட்டினால் பல மாடல்களில் "ரெக்கவரிக்குக் காத்திருக்கிறேன்" என்று பொருள்.

லைட்டை விட நம்பகமான சோதனை பிங், அதாவது ரவுட்டருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது. லேப்டாப்பை லேன் கேபிளால் இணைத்து, கீழே சொல்லும் மாதிரி ஐபி முகவரியைக் கையால் போட்டு, 192.168.1.1 அல்லது 192.168.0.1-க்கு நிற்காமல் பிங் ஓடவிடுங்கள். விண்டோஸில் கட்டளையின் கடைசியில் ஒரு கழித்தல் குறியும் சின்ன 'டி' எழுத்தும் சேர்த்தால் நிற்காமல் ஓடும். இப்போது ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். இரண்டு மூன்று பதில் வந்து நின்றுவிட்டால் அதுதான் பூட்லோடர் எட்டிப்பார்த்த நேரம். பிராட்காம் சிப் உள்ள பழைய ரவுட்டர்களில் இதை உறுதி செய்துகொள்ள ஒரு தந்திரம் இருக்கிறது. பதிலோடு வரும் டிடிஎல் என்ற எண் 100 என்று இருந்தால் பேசுவது சிஎஃப்இ என்ற பூட்லோடர், 64 என்று வந்தால் லினக்ஸ் ஃபர்ம்வேரே எழுந்துவிட்டது.

பிங் வரவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சில பூட்லோடர்கள் ரீசெட் பட்டனை அழுத்தினால்தான் வாயைத் திறக்கும்.

அடாப்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. வயதான அடாப்டர் சும்மா இருக்கும்போது சரியான வோல்ட் காட்டும், ரவுட்டர் முழு வேகத்தில் எழ முயலும்போது தொங்கிவிடும். பார்க்க ஃபர்ம்வேர் கெட்டது மாதிரியே இருக்கும். அதே வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ள வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். 841என்-க்கு 9 வோல்ட், பல பெரிய ரவுட்டர்களுக்கு 12 வோல்ட். பின் நுழைகிறதே என்று 12-ஐ 9-இல் சொருக வேண்டாம்.

ரீசெட் பட்டனை 30 வினாடி அழுத்தினேன், ஒன்றும் ஆகவில்லையே?

ஆகாது. ரீசெட் பட்டன் அழிப்பது செட்டிங்குகளை மட்டும்தான், பழைய ஃபர்ம்வேரைத் திரும்பக் கொண்டுவராது. அதிலும் அந்த அழிக்கும் வேலையைச் செய்வதே ஃபர்ம்வேர்தான். அதுவே எழுந்திருக்காதபோது பட்டனை யார் கவனிப்பார்கள்?

"30 வினாடி அழுத்து, அழுத்தியபடியே பிளக்கைப் பிடுங்கி 30 வினாடி, மறுபடி கரண்ட் கொடுத்து 30 வினாடி" என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. அது பழைய பிராட்காம் ரவுட்டர்களுக்கு எழுதப்பட்டது. புதியவற்றில் பயன் இல்லை, சிலவற்றில் பாதகம்.

பட்டனுக்கு வேறொரு வேலை இருக்கிறது. அழுத்தியபடியே கரண்ட் கொடுத்தால் பல ரவுட்டர்களில் பூட்லோடர் ரெக்கவரி நிலைக்குப் போகும். கரண்ட் கொடுத்த பிறகு அழுத்துவதும் இதுவும் ஒன்றல்ல. இந்த ஒரு வித்தியாசத்தால் தோற்றவர்கள் ஏராளம்.

எந்த ஃபைலை டவுன்லோட் செய்ய வேண்டும்?

அவசரப்பட்டால் பெட்டி நிஜமாகவே செங்கல் மாதிரி எதற்கும் உதவாமல் போகும் இடம் இதுதான். பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். மாடல் எண் மட்டும் போதாது, பக்கத்தில் 'வெர்' என்று ஒரு எண் இருக்கும், அது ஹார்டுவேர் வெர்ஷன். 841என் என்ற ஒரே பெயரில் பத்துக்கு மேற்பட்ட வெர்ஷன்கள் வந்தன. வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே சிப்பே வேறு. ஒன்றின் ஃபைலை இன்னொன்றில் போட்டால் பேண்ட் தைக்கச் சொல்லிச் சட்டைத் துணியைக் கொடுத்த கதைதான்.

கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். வீட்டில் நெட் இல்லை என்பதால் போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து டவுன்லோட் செய்துவிட்டு, அப்புறம் மறக்காமல் வைஃபையை அணையுங்கள். வந்த ஜிப் ஃபைலைப் பிரித்து, உள்ளே இருக்கும் 'பின்' ஃபைலை எடுக்க வேண்டும். ஜிப்பை அப்படியே அனுப்பிவிட்டு "ஏற்க மாட்டேன் என்கிறது" என்று வந்தவர்கள் உண்டு.

டிபி-லிங்க் ஃபைல் பெயரில் சில நேரம் 'பூட்' என்ற சொல் இருக்கும். அதற்குள் பூட்லோடரும் முன்னால் ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். 841என் ஒன்பதாம் வெர்ஷனின் சரியான ஃபர்ம்வேர் 3932160 பைட். முன்னொட்டு உள்ள ஃபைல் 4063744 பைட். வித்தியாசமான 131584 பைட்டை வெட்டிவிட்டுத்தான் ரெக்கவரிக்குக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் டிடி கட்டளைக்கு 512 பைட் அளவும், 257 துண்டைத் தாண்டு என்றும் கொடுத்தால் வேலை முடிந்தது. 257-ஐ 512-ஆல் பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். வெட்டாமல் போட்டால் ஃபர்ம்வேர் இருக்க வேண்டிய இடத்தில் பூட்லோடரின் இன்னொரு நகல் போய் உட்காரும்.

கம்ப்யூட்டரில் என்ன தயார் செய்ய வேண்டும்?

என் அனுபவத்தில் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் ரவுட்டர் அல்ல, லேப்டாப். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூட்லோடருக்கு வைஃபை தெரியாது. தானாக ஐபி முகவரி கொடுக்கவும் தெரியாது. எனவே கேபிள்தான் வழி, முகவரியையும் நாம்தான் கையால் போட வேண்டும். போடாவிட்டால் விண்டோஸ் 169.254 என்று ஆரம்பிக்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும், ரவுட்டர் ஒரு பக்கமும் லேப்டாப் ஒரு பக்கமும் கூவிக்கொண்டிருக்கும்.

வைஃபையை முழுக்க அணையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் லேப்டாப் எந்த வழியில் பதில் சொல்வது என்று குழம்பும். ஃபயர்வாலையும் சிறிது நேரம் அணைக்க வேண்டும். இங்கே பயன்படும் டிஎஃப்டிபி என்ற முறை 1980-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. பாஸ்வேர்டு கிடையாது, யுடிபியில் 69-ஆம் போர்ட்டைத் தட்டி "இந்த ஃபைலைக் கொடு" என்று கேட்கும், அவ்வளவுதான். அவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் 128 கேபிக்குள் அடங்குகிறது. ஆனால் வெளியிலிருந்து ஒருவன் வந்து கதவைத் தட்டுவது விண்டோஸ் ஃபயர்வாலுக்குப் பிடிக்காது. சத்தமில்லாமல் விரட்டிவிடும். ரவுட்டர் கேட்டதே நமக்குத் தெரியாமல் போகும்.

கேபிளைப் பெரும்பாலும் முதல் லேன் போர்ட்டில் சொருகுங்கள். நெட் வரும் வான் போர்ட்டில் அல்ல.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. ரவுட்டரை அணைத்துப் போடும்போது லேப்டாப்பின் லேன் இணைப்பும் அறுந்து, மறுபடி ஒட்டிக்கொள்ள இரண்டு மூன்று வினாடி எடுக்கும். பூட்லோடர் நமக்காகக் காத்திருப்பதும் அதே இரண்டு மூன்று வினாடிதான். லேப்டாப் கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் அது கதவைச் சாத்திவிடும். தீர்வு எளிது. நடுவில் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் வையுங்கள். லேப்டாப்பிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு கேபிள், ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்கு ஒரு கேபிள். ரவுட்டர் அணைந்தாலும் லேப்டாப்பின் இணைப்பு அறுந்து போகாது. ஸ்விட்ச் இல்லையென்றால் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டுகளே போதும், அதில் வான் போர்ட்டைத் தொடாமல் தானாக முகவரி கொடுக்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். பத்து தடவை தோற்ற பெட்டி இந்த ஒரு மாற்றத்தில் எழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

டிபி-லிங்கில் முழுசாக ஒருமுறை செய்து காட்டுங்களேன்.

அதே 841என் ஒன்பதாம் வெர்ஷன். லேப்டாப்புக்கு 192.168.0.66 என்ற முகவரி, 255.255.255.0 என்ற மாஸ்க். கேட்வே காலியாக இருக்கட்டும். இந்த 66 முக்கியம், பூட்லோடர் அந்த எண்ணைத்தான் தேடி வரும். தனக்கு 192.168.0.86 என்று வைத்துக்கொள்ளும்.

ஃபைலின் பெயரையும் மாற்ற வேண்டும். போனில் சொல்வது மாதிரிச் சொல்கிறேன், எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து: டபிள்யு ஆர் 841 என் வி 9, அடிக்கோடு, டி பி, அடிக்கோடு, ரெக்கவரி, புள்ளி, பின். விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை மறைத்து வைத்திருந்தால் நீங்கள் மாற்றியது 'பின் புள்ளி பின்' என்று இரட்டை வாலாகிவிடும், கவனம்.

இப்போது டிஎஃப்டிபிடி64 என்ற இலவச புரோகிராமைத் திறந்து, அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரைக் காட்டி, 66 என்ற முகவரி உள்ள லேன் கார்டைத் தேர்ந்தெடுங்கள். லாக் பக்கத்தைத் திறந்தே வையுங்கள். ரவுட்டரை அணையுங்கள். பின்பக்கம் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே கரண்ட் கொடுங்கள். இதற்கு இரண்டு கை போதாது, வீட்டில் யாரையாவது ஸ்விட்சுப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். என் வீட்டில் அது என் மகளின் வேலை. "போடும்மா" என்றால் போடுவாள்.

பத்து வினாடிக்குள் லாக்கில் ஒரு வரி ஓடும், 86 என்ற முகவரியிலிருந்து ஃபைல் கேட்கிறார்கள் என்று. அந்த வரியைப் பார்த்த பிறகு பட்டனை விடுங்கள். டிஎஃப்டிபி 512 பைட் துண்டுகளாக அனுப்பும், ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் "வந்தது" என்று பதில் சொன்ன பிறகே அடுத்தது போகும். 841என்-இன் ஃபைலுக்கு 7680 துண்டுகள். கேட்க நிறைய மாதிரி இருந்தாலும் சில வினாடிகளில் முடிந்துவிடும். அதன் பிறகு சிப்பில் எழுதும் வேலை இருக்கிறது, லாக்கில் எதுவும் நகராது. அந்த நேரத்தில்தான் கை பரபரக்கும். ஐந்து நிமிடம் தொடவே தொடாதீர்கள். தானாக ரீஸ்டார்ட் ஆகி வைஃபை லைட் எரியும்.

லாக்கில் வேறு ஏதோ பெயர் கேட்டு, ஃபைல் இல்லை என்று வந்தால் அது தோல்வி அல்ல, அதிர்ஷ்டம். உங்கள் பூட்லோடர் என்ன பெயரை எதிர்பார்க்கிறது என்பதை அதுவே சொல்லிவிட்டது. அதே பெயரை வைத்து மறுபடி செய்யுங்கள்.

மற்ற கம்பெனி ரவுட்டர்களுக்கு?

தத்துவம் ஒன்றுதான், கதவு மட்டும் வேறு பக்கம் இருக்கும்.

டி-லிங்க் பலவற்றில், டிஐஆர்-615 உட்பட, பூட்லோடருக்குள்ளேயே ஒரு குட்டி வெப் பக்கம் இருக்கிறது. லேப்டாப்புக்கு 192.168.0.2 போட்டு, ரீசெட்டை அழுத்தியபடி கரண்ட் கொடுத்து, பிரவுசரில் 192.168.0.1 திறந்தால் ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மொட்டைப் பக்கம் வரும். இருப்பதிலேயே சுலபமான வழி இது. ஒரு பிரவுசரில் பாதியில் நின்றால் இன்னொன்றில் முயலுங்கள்.

ஆசுஸ் இதற்கென்றே 'ஃபர்ம்வேர் ரெஸ்டோரேஷன்' என்று ஒரு புரோகிராம் தருகிறது. முகவரி 192.168.1.10, பவர் லைட் மெதுவாகச் சிமிட்ட வேண்டும். நெட்கியரில் திசை தலைகீழ். அங்கே ரவுட்டர் 192.168.1.1-இல் காத்திருக்கும், நாம்தான் ஃபைலைத் தள்ள வேண்டும். கையால் செய்ய அலுப்பாக இருந்தால் என்எம்ஆர்பிஃப்ளாஷ் என்ற புரோகிராம் இருக்கிறது, நெட்கியரின் சொந்த ரெக்கவரி முறையைப் பேசும். மைக்ரோடிக்குக்கு நெட்இன்ஸ்டால்.

லிங்க்சிஸ் டபிள்யுஆர்டி1900ஏசி வகையறாவில் ஃபர்ம்வேருக்கு இரண்டு அறைகள். ஒன்றில் இருப்பது ஓடும், இன்னொன்றில் பழையது தூங்கும். எழுந்திருப்பதற்குள் அணைத்து, மூன்று முறை இப்படித் தொடர்ந்து செய்தால் அது தானாகவே பழைய அறைக்கு மாறிவிடும். இந்த ஏற்பாடு எல்லா ரவுட்டரிலும் இருந்திருந்தால் இந்தப் பக்கத்தையே எழுத வேண்டியிருக்காது.

என் லேப்டாப்பில் லேன் போர்ட்டே இல்லையே?

யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்குங்கள். விலை அதிகம் இல்லை, பின்னாலும் உதவும்.

கம்பெனி ஃபர்ம்வேருக்குப் பதில் ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேர் போட்டிருந்தேன். அதை அப்டேட் செய்யும்போது மாட்டிக்கொண்டது.

முதலில் ஃபெயில்சேஃப் நிலையை முயலுங்கள், உங்கள் செட்டிங்குகளைத் தொடாமல் எழும் அவசர நிலை அது. லேப்டாப்புக்கு 192.168.1.2, கரண்ட் கொடுத்ததும் பவர் லைட் சிமிட்ட ஆரம்பிக்கும், அப்போது ரீசெட்டை அழுத்துங்கள். இங்கே முன்கூட்டியே அழுத்தக் கூடாது. சிமிட்டல் வேகமானால் உள்ளே போய்விட்டீர்கள். எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை தட்டும் வழி) மூலம் 192.168.1.1-இல் நுழைந்து 'ஃபர்ஸ்ட்பூட்' கட்டளை கொடுத்தால் உங்கள் செட்டிங்குகளும் நீங்கள் பின்னால் சேர்த்த புரோகிராம்களும் அழியும், ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும். பழைய செட்டிங் புதிய வெர்ஷனோடு ஒத்துப்போகாமல் நிற்பதுதான் இங்கே வழக்கமான கோளாறு, அதற்கு இதுவே போதும். ஃபர்ம்வேரின் மையமான கெர்னலே எழவில்லை என்றால் மேலே சொன்ன பூட்லோடர் வழிதான்.

இந்தக் கலை முழுவதும் வளர்ந்தது ஒரே ஒரு பெட்டியால் என்று சொல்லலாம். லிங்க்சிஸ் 2002 கடைசியில் விற்பனைக்கு விட்ட டபிள்யுஆர்டி54ஜி. அதற்குள் லினக்ஸ் இருந்ததால் உரிமப்படி அதன் மூலநிரலை 2003-இல் வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004-இல் முளைத்ததுதான் ஓப்பன்டபிள்யுஆர்டி.

எதற்கும் அசையவில்லை. பிங்கும் இல்லை, லாக்கில் வரியும் இல்லை. இனி?

பெட்டியைத் திறக்கும் நேரம். வாரண்டி பாக்கி இருந்தால் திறக்காமல் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

போர்டில் நான்கு துளையோ நான்கு வெள்ளீயப் புள்ளியோ வரிசையாக இருக்கும்: கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது), விசிசி (கரண்ட்). சீரியல் போர்ட் அது. சிபி2102 அல்லது சிஎச்340 சிப் உள்ள யுஎஸ்பி சீரியல் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது 3.3 வோல்ட் நிலையில் இருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் ஒன்பது பின் சீரியல் போர்ட்டை நேராக இணைத்தால் அதன் வோல்ட்டில் சிப் கருகிவிடும். கிரவுண்டை கிரவுண்டோடும், டிஎக்ஸை ஆர்எக்ஸோடும், ஆர்எக்ஸை டிஎக்ஸோடும் இணையுங்கள். விசிசியை இணைக்கவே வேண்டாம், ரவுட்டருக்கு அதன் அடாப்டரே கரண்ட் கொடுக்கட்டும்.

லேப்டாப்பில் புட்டி என்ற புரோகிராமைத் திறந்து வேகத்தை 115200 என்று வையுங்கள். கரண்ட் கொடுத்ததும் எழுத்துகள் கொட்டும். அந்த முதல் வரியைப் பார்க்கும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, மூச்சு பேச்சில்லாமல் கிடந்தவர் முனகியது மாதிரி. எழுத்துகள் கோணல்மாணலாக வந்தால் வேகம் தவறு. டிபி-லிங்க் பழைய மாடல்களில் ஒரு வினாடி இடைவெளி கொடுக்கும். அதற்குள் டி, பி, எல் என்ற மூன்று எழுத்தைத் தட்டினால் யூ-பூட் என்ற அந்த பூட்லோடர் நின்று கட்டளைக்குக் காத்திருக்கும்.

அங்கிருந்து ஃபைலை நினைவகத்துக்கு இழுத்து, ஃப்ளாஷை அழித்து, நகலெடுக்க வேண்டும். அழிக்கும் கட்டளையைத் தட்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடக்க முகவரியின் நடுவில் ஒரு '2' இருக்கும். அதற்குப் பதில் பூஜ்யம் விழுந்தால் பூட்லோடரின் இடத்திலிருந்தே அழிக்க ஆரம்பித்துவிடும். நான் அந்த வரியைத் தாளில் எழுதி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகே என்டர் தட்டுவேன்.

பூட்லோடரே அழிந்துவிட்டால்?

சீரியலில் ஒரு எழுத்துகூட வராது. அப்போது ஃப்ளாஷ் சிப்பை நேராக எழுத வேண்டும். சிஎச்341ஏ புரோகிராமரும் எட்டுக்கால் சிப்பைக் கவ்வும் கிளிப்பும் வேண்டும். கறுப்பு நிற சிஎச்341ஏ சிலவற்றில் டேட்டா கால்களுக்கு 5 வோல்ட் போகும், 3.3 வோல்ட் சிப்புக்கு அது நல்லதல்ல. வாங்கியதும் மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள்.

எழுதுவதற்கு முன் சிப்பில் இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டு, பத்திரமாக வையுங்கள். முதலில் சொன்ன அந்தக் கடைசி 64 கேபி ஒவ்வொரு பெட்டிக்கும் தனி. யாரோ கொடுத்த முழு நகலை அப்படியே எழுதினால் ரவுட்டர் எழும், ஆனால் வைஃபை அடுத்த அறைக்கே போகாமல் முனகும். கூடவே அவருடைய பெட்டியின் மேக் முகவரியும், அதாவது நெட்வொர்க்கில் அந்தப் பெட்டிக்கே உரிய அடையாள எண்ணும், உங்களுடையதாகிவிடும். நடுப்பகுதியையும் பூட்லோடரையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, கடைசித் துண்டை உங்கள் நகலிலிருந்து ஒட்டுங்கள். மேக் முகவரி அடி ஸ்டிக்கரில் இருக்கிறது.

ஐநூறு ரூபாய்ப் பெட்டிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், தேவையில்லை. கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் மட்டும்.

நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியில் இதையெல்லாம் செய்யலாமா?

கூடாது. அந்தப் பெட்டி அவர்களுடையது. அதற்குள் அவர்களின் ஃபைபர் லைனுக்கான பதிவு விவரம் இருக்கிறது. அதை இழந்தால் ரவுட்டர் எழுந்தும் நெட் வராது. அப்டேட்டையும் அவர்களே தூரத்திலிருந்து அனுப்புவார்கள். புகார் எண்ணுக்குப் போன் செய்து, "நானாக எதுவும் செய்யவில்லை, காலையில் பார்த்தால் இப்படி இருக்கிறது" என்று உள்ளதைச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

உயிர் வந்துவிட்டது. இனி?

ஒருமுறை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு செட்டிங்குகளைக் கையால் போடுங்கள். பழைய பேக்கப் ஃபைலை ஏற்ற வேண்டாம். அட்மின் பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றுங்கள். லேப்டாப்பில் ஃபயர்வாலை மறுபடி போட்டு, ஐபி முகவரியைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். இதை மறந்துவிட்டு, "ரவுட்டர் சரியானது, லேப்டாப்பில் நெட் வரல தம்பி" என்று மறுநாள் வந்தவர் உண்டு.

நம் ஊரில் பலருக்கு இணைப்பு பிபிபிஓஇ என்ற லாகின் முறையில், யூசர்நேம், பாஸ்வேர்டு வழியாக வருகிறது. போட்டுவிட்டுப் போன கேபிள்காரரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் போனை எடுக்கவும் மாட்டார். ரவுட்டர் நன்றாக இருக்கும்போதே அதைக் கேட்டு, ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள். சில இடங்களில் மேக் முகவரியையும் பதிந்து வைத்திருப்பார்கள், ரவுட்டரை மாற்றினால் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

இவ்வளவு வம்பு எதற்கு? அப்டேட்டே போடாமல் இருந்துவிட்டால்?

அதுவும் சரிவராது. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் புகுந்திருப்பதாக சிஸ்கோவின் டாலோஸ் குழு அறிவித்தது. பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகள் வழியாகத்தான் நுழைந்தது. வீட்டு ரவுட்டர்களை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லி அமெரிக்க எஃப்பிஐயே மக்களைக் கேட்டுக்கொண்டது.

அதனால் போடுங்கள், ஆனால் நேரம் பார்த்துப் போடுங்கள். மின்தடை அறிவித்த நாளில் வேண்டாம், இடி இடிக்கும்போது வேண்டாம். ரவுட்டருக்கென்று விற்கும் குட்டி யுபிஎஸ் ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வைஃபையில் செய்யாமல் கேபிளில் செய்யுங்கள். இப்போது ஓடும் வெர்ஷனின் ஃபைல், புதிய வெர்ஷனின் ஃபைல், டிஎஃப்டிபி புரோகிராம் மூன்றையும் முன்பே லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். நான் ஒருமுறை சொல்லாமல் ஆரம்பித்தேன். நெட் வரவில்லையே என்று அம்மா போய் ஸ்விட்சை அணைத்துப் போட்டுவிட்டார்.